பின்னால் இருப்பதும் தெரிய வேண்டும்: பவர்பாயின்ட் கேள்வி–பதில்

கட்டத்தை 50 சதவீதம் டிரான்ஸ்பரன்ட் (பின்னால் இருப்பது தெரியும்படி) ஆக்கினேன். நிறம் மட்டும் மங்கியது. ஓரக்கோடும் எழுத்தும் அப்படியே அழுத்தமாக நிற்கின்றன. எங்கே தவறு?

தவறே இல்லை. பவர்பாயின்டில் உள்நிறம், ஓரக்கோடு, எழுத்து மூன்றுக்கும் டிரான்ஸ்பரன்சி தனித்தனி. கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ஃபார்மேட் ஷேப் கொடுங்கள். வலப்பக்கம் திறக்கும் பலகத்தில் பெயின்ட் டப்பா ஐகானை அழுத்தினால் ஃபில், லைன் என்று இரண்டு பகுதிகள் இருக்கும். இரண்டிலும் டிரான்ஸ்பரன்சி உண்டு. எழுத்துக்கு, அதே பலகத்தின் மேலே உள்ள டெக்ஸ்ட் ஆப்ஷன்ஸுக்குள் போய் டெக்ஸ்ட் ஃபில் பகுதியைப் பாருங்கள்.

எழுத்தைத் தொடாமல் விடுவதே நல்லது. அது படிக்கத்தானே இருக்கிறது. ஓரக்கோட்டை மங்கலாக்குவதைவிட நோ லைன் கொடுத்துவிடுங்கள். கோடு வடிவத்தின் விளிம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று உட்காரும். அதை மங்கலாக்கினால் உள்பாதியின் அடியில் உள்நிறம் தெரியும், வெளிப்பாதியின் அடியில் ஸ்லைடு தெரியும். 6 பாயின்ட் கோட்டில் இந்த இரட்டை நிறம் பளிச்சென்று கண்ணில் படும்.

சார்ட்டின் பட்டைகளுக்கு டிரான்ஸ்பரன்சி ஸ்லைடரே வரவில்லையே?

ஃபில் ஆட்டோமேட்டிக்கில் இருக்கும். சாலிட் ஃபில்லுக்கு மாற்றுங்கள், ஸ்லைடர் வந்துவிடும். ஒரு முறை கிளிக் செய்தால் அந்த வரிசைப் பட்டைகள் எல்லாம் தேர்வாகும். மறுபடி கிளிக் செய்தால் அந்த ஒரு பட்டை மட்டும்.

போட்டோவின் மேல் கறுப்புப் பட்டை வைத்து வெள்ளை எழுத்து போடுகிறேன். எத்தனை சதவீதம் வைக்கலாம்?

45-ஐத் தாண்டாதீர்கள். இது கண்மதிப்பு இல்லை, கணக்கு. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாட்டு விகிதம்) வேண்டும் என்கிறது இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி அணுகல் வழிகாட்டி. 18 பாயின்டும் அதற்கு மேலும் உள்ள பெரிய எழுத்துக்கு 3:1 போதும். போட்டோவில் மோசமான இடம் எது? வெளுத்த வானம், வெள்ளைச் சட்டை, ஜன்னல் வெளிச்சம். அங்கே தூய வெள்ளையின் மேல் கறுப்புப் பட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 40 சதவீதத்தில் கான்ட்ராஸ்ட் சுமார் 5.7, 45-ல் 4.7, 50-ல் 3.9. 60-க்குப் போனால் 2.8 ஆகி, பெரிய எழுத்துக்குக்கூடப் பத்தாது. பலரும் யோசிக்காமல் வைக்கும் 50, லேப்டாப் திரையில் நன்றாகத்தான் தெரியும். விளக்கு எரியும் அறையில் புரொஜெக்டரில் போட்டதும் எழுத்து கரைந்துவிடும்.

போட்டோ முழுவதையும் இருட்டாக்க மனம் வராவிட்டால் கிரேடியன்ட் ஃபில் (படிப்படியாக மாறும் நிறம்) போடுங்கள். வகை லீனியர், கோணம் 90 டிகிரி. ஸ்டாப் (நிறத்தைக் குறிக்கும் புள்ளி) இரண்டே இரண்டு வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் தனி டிரான்ஸ்பரன்சி உண்டு: மேலே 100, எழுத்து இருக்கும் கீழ்ப்பக்கம் 20. இங்கே பெரும்பாலோர் சறுக்குவது ஓர் இடத்தில்தான். இரண்டு ஸ்டாப்பும் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். 100 சதவீதம்தானே, தெரியாதே என்று மேல் ஸ்டாப்பை வெள்ளையாகவே விட்டால், நடுவில் நிறம் வெள்ளையை நோக்கி நகர்ந்து சாம்பல் பூத்த மாதிரி ஒரு பட்டை தெரியும். எழுத்தின் மேல்வரி கிரேடியன்டின் மெலிந்த பகுதிக்குள் ஏறிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடம் மட்டும் கருமையாகிறது. குரூப் செய்தும் போகவில்லை.

குரூப் செய்தாலும் அடுக்குகள் இரண்டுதான். 50 சதவீத வடிவங்கள் இரண்டு சேரும் இடத்தில் பின்னணியில் கால்பங்குதான் தெரியும். வெட்டும் இடம் கருமையாக வருவது வென் படத்துக்கு (ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களின் படம்) வேண்டியதே. வேண்டாம் என்றால் இரண்டையும் தேர்ந்தெடுத்து, ஷேப் ஃபார்மேட் தாவலில் மெர்ஜ் ஷேப்ஸ், அதில் யூனியன். முதலில் கிளிக் செய்த வடிவத்தின் நிறமே முழுவதற்கும் வரும். சேர்த்ததை மறுபடி பிரிக்க வழியில்லை. முதலில் ஸ்லைடை ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

ஒரே வடிவம்தான், ஆனால் உள்ளே அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறது என்றால் அது நிழல். ஷேடோ போட்ட வடிவத்தை மங்கலாக்கினால் அதன் நிழல் உள்ளே தெரியும். ஷேடோவை எடுத்துவிடுங்கள்.

படத்தின் ஒரு பகுதியைத் தொட்டால் வேறு ஸ்லைடு வர வேண்டும். மேலே நோ ஃபில் கட்டம் வைத்து லிங்க் கொடுத்தேன். சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறது.

நோ ஃபில் என்றால் உள்ளே எதுவுமே இல்லை. கிளிக் அதைத் தாண்டி ஸ்லைடில் விழுகிறது. கோட்டின் மேல் சரியாக விழுந்தபோது மட்டும் லிங்க் வேலை செய்திருக்கும். சாலிட் ஃபில் கொடுத்து டிரான்ஸ்பரன்சியை 100 ஆக்குங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் இதில் எங்கே தொட்டாலும் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கட்டத்தைப் பிறகு தேடிப் பிடிக்க, விண்டோஸில் ஆல்ட்+எஃப்10 அழுத்தினால் செலக்‌ஷன் பேன் வரும். அங்கே அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள்.

இதயத்தின் படத்தில் ஒரு வால்வை மட்டும் வெளிச்சமாகக் காட்டி மற்றதை இருட்டாக்க முடியுமா? பள்ளிப் பாடத்துக்கு வேண்டும்.

முடியும், பாடத்துக்கு மிகவும் பயன்படும் உத்தி இது. ஸ்லைடு முழுவதையும் மூடும் செவ்வகம் வரையுங்கள். அகலத்திரை ஸ்லைடின் அளவு 13.333 × 7.5 அங்குலம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வால்வின் மேல் ஒரு வட்டம் வரையுங்கள். இனி வரிசை முக்கியம்: முதலில் செவ்வகத்தைக் கிளிக் செய்து, பிறகு ஷிஃப்டோடு வட்டத்தைச் சேர்த்து, மெர்ஜ் ஷேப்ஸில் சப்ட்ராக்ட். வரிசை மாறினால் வட்டத்திலிருந்து செவ்வகம் கழிந்து எதுவும் மிஞ்சாது. ஓட்டை விழுந்த செவ்வகத்துக்குக் கறுப்பு, 35 சதவீத டிரான்ஸ்பரன்சி, நோ லைன், ஃபேட் அனிமேஷன். மெர்ஜ் ஷேப்ஸ் 2013 பதிப்பிலிருந்து மெனுவிலேயே இருக்கிறது.

லிப்ரே ஆபீஸ், கூகுள் ஸ்லைட்ஸ், கேன்வாவில்?

லிப்ரே ஆபீஸின் ஸ்லைடு மென்பொருளான இம்ப்ரெஸில் ரைட் கிளிக், ஏரியா, டிரான்ஸ்பரன்சி தாவல். கூகுள் ஸ்லைட்ஸில் ஃபில் நிறத்தில் கஸ்டம் போனால் ஸ்லைடர் இருக்கும். கேன்வாவில் அளவு தலைகீழ்: அங்கே 100 என்றால் முழு அழுத்தம், 0 என்றால் ஒன்றும் தெரியாது. பவர்பாயின்டின் 45-ஐ அங்கே 55 என்று போட வேண்டும்.

பிடிஎஃப் ஆக்கினால் மட்டும் மங்கல் வடிவங்கள் வேறு மாதிரி வருகின்றன.

சேமிக்கும்போது ஆப்ஷன்ஸில் பிடிஎஃப்/ஏ டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆவணக் காப்புக்கான அந்த வகையின் முதல் வரையறையான பிடிஎஃப்/ஏ-1, டிரான்ஸ்பரன்சியை அனுமதிப்பதில்லை. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி சேமியுங்கள்.