விண்ணப்பம் பிள்ளையுடையது, மின்னஞ்சல் யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

நூதனசாலைகள் பாடசாலை மாணவர்களுக்காக நடத்தும் விஞ்ஞானச் செயலமர்வுகளுக்கு நிகழ்நிலையில் விண்ணப்பிப்பது குறித்து மலையகத்திலிருந்து வந்த கடிதங்களுள் நான்கிற்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் தரம் 9இல் படிக்கிறான். கடந்த வருடம் கொழும்பிலுள்ள ஒரு நூதனசாலையின் செயலமர்வுக்கு டவுனிலுள்ள ஒரு கடையில் காசு கொடுத்து விண்ணப்பித்தோம். பதிலே வரவில்லை என்று இருந்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து, மகன் தெரிவாகியிருந்ததாக எப்போதோ மின்னஞ்சல் வந்ததென்று கடைக்காரர் சொன்னார். இந்த முறை எப்படிச் சரியாகச் செய்வது? எனக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டில் கணவருடைய போன் மட்டுமே இருக்கிறது.
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்து மனம் வருந்தினேன். தெரிவாகியும் போக முடியாமற்போன பிள்ளைக்கு அது சாதாரண இழப்பல்ல. படிவத்தை நிரப்பியவர் தம்முடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்த இடத்தில்தான் தவறு நேர்ந்திருக்கிறது. நாளொன்றுக்குப் பலருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவரின் பெட்டியில் உங்கள் மகனுக்கு வந்த பதில் நூறோடு நூற்றொன்றாகக் கிடந்திருக்கும். ஆகவே இந்த முறை முதல் வேலையாக, விண்ணப்பத்தைப் பற்றி யோசிப்பதற்கும் முன்னரே, உங்கள் கணவருடைய போனில் ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். 13 வயது நிறைந்த பிள்ளை கூகுளில் தன் பெயரிலேயே கணக்குத் திறக்கலாம். அதற்குக் குறைந்த வயதென்றால் தாய் தகப்பனின் கணக்கே போதும். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் உறைக்குள்ளேயே வையுங்கள்; போன் பழுதாகிப் புதியது வாங்கும் நாளில் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

அதன் பிறகு கடையில் கொடுத்து நிரப்பினாலும் தவறில்லை. மின்னஞ்சல் முகவரி என்ற கட்டத்தில் உங்களுடைய முகவரியும், தொலைபேசி என்ற கட்டத்தில் உங்களுடைய இலக்கமும் இருக்கின்றனவா என்று, 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் மகனையே திரையைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அனுப்பியபின் தோன்றும் 'உங்கள் பதில் பதிவாகியது' என்ற பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிவு அறிவிக்கப்படும் நாள் வரை கிழமைக்கு இரண்டு தடவையாவது மின்னஞ்சலைத் திறந்து பார்க்க வேண்டும். ஸ்பாம் எனப்படும் வேண்டாத மடல்களின் பெட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பப்படும் அறிவித்தல்கள் சில வேளைகளில் அங்கே போய் விழக்கூடும்.

தபால் முகவரி கேட்டால் தோட்டத்தின் பெயரோடு நிறுத்திவிடாமல், டிவிஷன், லய இலக்கம், தபாலகம் ஆகியவற்றையும் எழுதுங்கள். தோட்ட அலுவலகத்துக்கு வந்த கடிதம் அங்கேயே நாட்கணக்கில் தங்கிவிடுவதை நாம் எல்லோரும் அறிவோம். அந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், பாடசாலையின் முகவரியை அதிபரின் அனுமதியோடு கொடுப்பதே நல்லது. அடையாள அட்டை இலக்கம் கேட்கும் கட்டத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். தேசிய அடையாள அட்டை 15 வயதிலிருந்துதான் வழங்கப்படுகிறது என்பதால், உங்கள் மகனுக்கு அது இல்லாதிருப்பது குறையே அல்ல. பெற்றோரின் இலக்கத்தைக் கொடுக்கலாமா என்று நூதனசாலைக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

கேள்வி: நான் தரம் 10 மாணவி. விண்ணப்பப் படிவத்தில் 'இச்செயலமர்வில் ஏன் பங்குபற்ற விரும்புகிறீர்கள், 200 சொற்களில் எழுதுக' என்று இருக்கிறது. அக்கா ஒருவர் தான் எழுதியதைத் தந்தார். 'விஞ்ஞானம் நவீன உலகின் முதுகெலும்பு' என்று அது தொடங்குகிறது. அதையே எழுதலாமா? எங்கள் வீட்டில் விஞ்ஞானம் தொடர்பாக எதுவும் இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறார். மழை நாளில் தண்ணீருக்கென்று கிலோ கழிப்பதால் சில நாட்களில் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளந்தான்) கிடைக்கிறது என்று கவலைப்படுவார். தமிழில் எழுதலாமா என்றும் சொல்லுங்கள்.
– ஒரு மாணவி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, அக்கா தந்ததை எழுத வேண்டாம். அவர் நல்ல மனத்தோடுதான் தந்திருப்பார். ஆனால் 'முதுகெலும்பு' என்று தொடங்கும் விண்ணப்பங்கள் தெரிவுக் குழுவின் மேசையில் ஏற்கெனவே குவிந்திருக்கும், அவற்றுள் எதை வாசித்தாலும் எழுதிய பிள்ளையின் முகம் தெரியாது. உங்கள் வீட்டில் விஞ்ஞானம் இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மிக நல்ல விஞ்ஞானக் கேள்வி ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். மழையில் நனைந்த கொழுந்தின் நிறையில் எவ்வளவு கொழுந்து, எவ்வளவு தண்ணீர்? கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் ஒவ்வொரு மழை நாளும் எழும் கேள்வி அது. அளந்து பார்த்தால் விடை தரக்கூடிய கேள்வியும் கூட.

அதை இந்த வாரமே நீங்கள் அளக்கலாம். மழை விட்டதும் வீட்டுப் பக்கத்திலுள்ள ஏதேனும் செடியின் இலைகளைப் பறித்து (தோட்டத்துக் கொழுந்தைத் தொட வேண்டாம், கொய்யா இலையே போதும்), கடைத்தராசில் சரியாக அரைக் கிலோ நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றை ஒரு பழைய சேலைத் துண்டில் பரப்பி, மேலோட்டமான ஈரம் மட்டும் போகும்படி ஒற்றியெடுத்து உடனே மீண்டும் நிறுக்க வேண்டும். 'உடனே' என்பது முக்கியம். நேரம் போனால் இலைக்குள் இருக்கும் நீரும் ஆவியாகத் தொடங்கி, வெளியிலிருந்த தண்ணீரையும் உள்ளிருந்த தண்ணீரையும் பிரித்தறிய முடியாமற்போகும். இதையே தூறல் நாளில் ஒரு தடவையும் அடைமழை நாளில் ஒரு தடவையும், இலையை நன்றாக உதறிவிட்டு ஒரு தடவையும் செய்து, கொப்பியில் ஓர் அட்டவணையாக எழுதுங்கள். கிடைக்கும் எண் பெரிதோ சிறிதோ, அதை அப்படியே எழுத வேண்டும்.

இலைக்குள் இருக்கும் நீரைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்கலாம். பறித்த பச்சைக் கொழுந்தின் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கும் அதற்குச் சற்று மேலும் தண்ணீர்தான். வாட்டி, அரைத்து, நொதிக்கவிட்டு, உலர்த்தி முடிந்த தேயிலையில் எஞ்சுவது நூற்றுக்கு 3 பங்கு அளவிலான ஈரமே. அதனால்தான் ஒரு கிலோ தேயிலைக்கு நான்கரை கிலோ அளவு கொழுந்து தேவைப்படுகிறது. தொழிற்சாலையில் 'நொதித்தல்' என்று சொல்லப்படுவது உண்மையில் ஒட்சியேற்றம் என்பதையும், அரைக்கும்போது சிதையும் கலங்களிலிருந்து வெளிவரும் நொதியங்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பச்சை இலையைச் செம்பு நிறமாக்குகின்றன என்பதையும் உங்கள் விஞ்ஞான ஆசிரியர் விளக்குவார்.

இதற்கும் நூதனசாலைக்கும் என்ன தொடர்பு என்று குழு கேட்கக்கூடும். நூதனசாலைக்குள் இரவு பகலாக நடக்கும் வேலையில் பெரும்பகுதி ஈரத்தோடு நடத்தும் போராட்டமே. காற்றின் ஈரத்தைக் காட்டும் அளவான சாரீரப்பதன் நூற்றுக்கு 65, 70 என்ற அளவைத் தாண்டி நீடித்தால் பழைய ஏட்டிலும் தோலிலும் துணியிலும் பூஞ்சணம் பிடிக்கும். பாடம் செய்த பூச்சிகளும் கெடும். பேராதனைப் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரகத்தைப் போன்ற இடங்களில் ஒரு செடியை நூறு ஆண்டுக்கு மேல் பாதுகாக்க முடிவதற்குக் காரணமும், அதைத் தாள்களுக்கிடையே அழுத்தி, ஈரத்தாளை மாற்றி மாற்றி, பூஞ்சணம் முந்திக்கொள்வதற்குள் நீரை வெளியேற்றிவிடுவதுதான். கொழுந்தின் ஈரத்தை அளந்த பிள்ளை அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருவது இயல்பானது என்பதை எவரும் புரிந்துகொள்வார்கள்.

உங்கள் பதில் இப்படித் தொடங்கலாம்: 'என் அம்மா கொழுந்து பறிக்கிறார். மழை நாளில் தண்ணீருக்காகக் கழிக்கப்படும் நிறை சரியானதா என்று அறிய விரும்பி, நனைந்த இலைகளை மூன்று நாட்கள் நிறுத்துப் பார்த்தேன். முதல் நாளில் ஒற்றிய பிறகு இவ்வளவு குறைந்தது. என் தராசு சிறு வேறுபாடுகளைக் காட்டவில்லை. இதை இன்னும் சரியாக அளக்கும் முறையை உங்களிடம் கற்க விரும்புகிறேன்.' இதை நான் எழுதிக் கொடுத்ததாக வைத்துக்கொண்டு படியெடுக்காதீர்கள். உங்கள் கொப்பியில் உள்ள எண்களோடு, உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். தோட்டத்தின் பெயரைக் குறிப்பிடத் தேவையில்லை, அம்மாவுக்கு வேலைத்தலத்தில் வீண் தொல்லை வரக்கூடாது.

தமிழில் எழுதுவது பற்றி: படிவத்தில் மொழி குறிப்பிடப்படாவிட்டால் தமிழிலேயே எழுதுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாகும். அரச நிறுவனமொன்றுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. செயலமர்வு எந்த மொழியில் நடைபெறும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

முடிந்தால், அனுப்புவதற்கு முன் ஒரு தடவை கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலைக் கட்டடம் அது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்டதிலிருந்து தொடங்கும் வரலாற்றோடு, பழைய அரைக்கும் இயந்திரங்களையும் உலர்த்திகளையும் அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். அம்மாவையும் கூட்டிச் செல்லுங்கள். தான் பறித்த கொழுந்து பிறகு என்னவாகிறது என்பதை அவரும் பார்க்கட்டும்.

கேள்வி: எங்கள் பாடசாலையிலிருந்து ஆறு மாணவர்களுக்கு விண்ணப்பிக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர் என்று இருவருக்கு வேறுபடுகிறது. தமிழில் தட்டச்சு செய்து ஒட்டிய பகுதி படிவத்தில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. கோப்பைப் பதிவேற்றவும் முடியவில்லை.
– ஓர் ஆசிரியர், ஹப்புத்தளை

பதில்: மூன்றும் நம் பாடசாலைகளில் அடிக்கடி நேரும் சிக்கல்கள். தமிழ்ப் பெயர் சிங்களத்தில் பதியப்பட்டு, பின்னர் அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது உருமாறிவிடுகிறது. செயலமர்வின் சான்றிதழ் நீங்கள் தட்டச்சு செய்த எழுத்துகளிலேயே அச்சாகும் என்பதால், பரீட்சைக்குக் கொடுக்கப்படும் எழுத்துக்கூட்டலையே இங்கும் கொடுங்கள். 'இரு பெயர்களும் இம்மாணவரையே குறிக்கின்றன' என்று அதிபரிடம் ஒரு கடிதம் பெற்று, முத்திரையோடு இணைத்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்துவது பிரதேச செயலகத்தின் வழியாகச் செய்ய வேண்டிய நீண்ட வேலை, அதைச் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் தொடங்கிவிடுமாறு பெற்றோருக்கு இப்போதே சொல்லுங்கள்.

எழுத்து மாறித் தெரிவதற்குக் காரணம் பாமினி. நம் அலுவலகங்களில் இன்னும் பரவலாக இருக்கும் அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. இணையப் படிவத்தில் அந்தப் போர்வை இல்லாததால் அடியில் உள்ளது வெளியே தெரிகிறது. யுனிகோட் முறையில் தட்டச்சு செய்யுங்கள், அல்லது போனிலுள்ள தமிழ் விசைப்பலகையில் மாணவர்களே தட்டட்டும். கோப்பு ஏறாததற்கு, படிவம் கூகுள் படிவமாக இருந்தால், பெரும்பாலும் ஒரே காரணந்தான்: கணக்கில் உள்நுழையாமல் அதில் கோப்பை இணைக்க இயலாது. உள்நுழைந்தும் ஏறாவிட்டால் படத்தின் அளவைக் குறைத்துப் பாருங்கள். ஆறு பேரின் விண்ணப்பத்தையும் உங்கள் கணக்கிலிருந்தே அனுப்ப முற்பட வேண்டாம். ஒரு கணக்கிலிருந்து ஒரு பதிலை மட்டும் ஏற்கும்படி படிவத்தை அமைக்க முடியும், அப்படி அமைத்திருந்தால் இரண்டாவது மாணவரிலேயே கதவு மூடிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறுதி நாளின் இரவை நம்பியிராதீர்கள். மழைக்காலத்தில் உங்கள் பக்கத்தில் மின்சாரமும் சிக்னலும் ஒன்றாகப் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும். பதில்களை முதலில் கொப்பியில் எழுதித் திருத்தி முடித்து, இறுதி நாளுக்கு மூன்று நாள் முன்னதாக, பாடசாலை நேரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு வட்ஸ்அப்பில் ஒரு விண்ணப்ப இணைப்பு வந்தது. பதிவுக் கட்டணமென்று வங்கி அட்டை விபரம் கேட்கிறது. நம்பலாமா? தெரிவானால் கொழும்புக்குத் தனியாக அனுப்பலாமா?
– ஒரு தந்தை, மஸ்கெலியா

பதில்: அட்டை விபரத்தைக் கொடுக்க வேண்டாம். போனுக்கு வரும் ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவு இலக்கத்தையும் எவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம். வந்த இணைப்பை விட்டுவிட்டு, நூதனசாலையின் சொந்த இணையத்தளத்தில் அதே அறிவித்தல் இருக்கிறதா என்று தேடுங்கள். அரச நிறுவனங்களின் தள முகவரி பெரும்பாலும் ஜி.ஓ.வி. புள்ளி எல்.கே. (gov.lk) என்று முடியும். அங்கும் இல்லையென்றால் நூதனசாலைக்குத் தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்திய பின்பே நிரப்புங்கள்.

தனியாக அனுப்ப வேண்டியதில்லை. தெரிவுக் கடிதம் வந்ததும், பெற்றோர் ஒருவரோ ஆசிரியை ஒருவரோ உடன் வரலாமா, செயலமர்வு எத்தனை மணிக்கு முடியும், இரவு தங்க நேர்ந்தால் பெண் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருப்பவர் யார் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அதிகாலை பஸ்ஸில் புறப்பட்டாலும் மஸ்கெலியாவிலிருந்து காலை எட்டரை மணிக்குக் கொழும்பில் நிற்பது கடினம். தூரத்திலிருந்து வரும் பிள்ளை என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டு, தொடங்கும் நேரத்தில் சலுகை கிடைக்குமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.