வயலினை எடுத்துவிடு, தங்கச்சி

அன்புள்ள அண்ணா,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் செய்து வருகிறேன். அதை ஒரு சர்வதேச விருதுக்கு அனுப்ப ஆசை. ஐந்து நிமிடத் துண்டும் சிறு விளக்கமும் கேட்கிறார்கள். எந்தப் பிரிவில் போடுவது? விளக்கத்தில் என்ன எழுதினால் எடுபடும்? எங்களைப் போன்றவர்களின் குரலை யாராவது பொருட்படுத்துவார்களா? துண்டை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்வியை விடு. அமெரிக்காவின் புலிட்சர் இதழியல் பரிசிலேயே 2020இலிருந்து ஒலிச் செய்திக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நீ ஆவணப் பிரிவில் போடு. அதில் முன்பு வென்றவற்றைக் கேட்டுவிட்டுப் போடு.

துண்டைக் கேட்டேன். முதலில் உன் அறிமுக இசை. பிறகு நீ வந்து வணக்கம் சொல்லி, இயற்கைத் துறைமுகம், கோணேசர் கோயில் என்று ஊரைச் சுற்றிக் காட்டுகிறாய். மூன்றாவது நிமிடத்தில்தான் அந்தப் பெரியவர் வாய் திறக்கிறார். வரிசையாகப் பல துண்டுகளைக் கேட்கும் நடுவர் அதுவரை இருப்பாரா? சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் பேசும்போது அடியில் வயலின் ஓட விட்டிருக்கிறாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பற்றி, "ட்ராக்டர் வந்த பிறகு அம்பா பாட ஆளில்லை" என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்துகிறார். அந்த இடைவெளியில், தூரத்தில் வலையை இழுக்கும் ட்ராக்டரின் வின்ச் சுற்றுவது மெல்லக் கேட்கிறது. உன் நிகழ்ச்சியே அதுதான் பிள்ளை! அதையா இசையால் மூடுவாய்?

எங்கள் அம்மப்பா நிலாவெளியில் கரைவலை இழுத்தவர். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வானொலியிலிருந்து வந்து அவர் பாடிய அம்பாவைப் பதிந்துகொண்டு போனார்கள். ஒலிபரப்பான அன்று வீடு நிறையச் சனம். கேட்டால், பாட்டின் மேல் வயலின், புல்லாங்குழல். 'ஏலேலோ' என்று எல்லோரும் சேர்ந்து எடுக்கும் இடத்தில் கயிற்றில் நிற்பவர்கள் மூச்சு வாங்குவது கேட்க வேண்டும். அது இல்லை, அலையும் இல்லை. "இது ஆற்ற குரல்?" என்று அம்மம்மா கேட்டார். இன்று என்னிடம் இருப்பது அந்த ஒலிபரப்பின் கேசட் ஒன்றுதான். இசையைப் பிரித்தெடுக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். வயலின் போகும்போது அவர் குரலை நீட்டிப் பிடிக்கும் கார்வையும் சேர்ந்தே போகிறது.

ஆகவே துண்டு அந்தப் பெரியவரின் வாக்கியத்தில் தொடங்கட்டும். இசை வேண்டுமானால் உன் குரலுக்கு அடியில் போடு, அதுவும் உரிமை பெற்ற இசையாக. ஆங்கிலப் பிரதி இணைக்கும்போது அவர் பேச்சுக்கு மெருகு பூசாதே. விளக்கத்தில் 'அற்புதமான', 'முதன்முறையாக' எல்லாம் எதற்கு? எந்தக் கரையில், யாருடன், எப்படிப் பதிந்தாய், கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுது. போதும்.

வெட்டாத மூலப் பதிவை சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே இரண்டு இடங்களில் வைத்துக்கொள். அவர் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடு. புதிய துண்டை அனுப்புவதற்கு முன் அவருக்குப் போட்டுக் காட்டு. வேண்டாம் என்று அவர் சொல்லும் வரியை எடுத்துவிடு. அப்புறம், வெட்டு விழும் இடங்களில் அடியில் போட, யாரும் பேசாத கரையின் ஒலி ஒரு நிமிடமாவது வேண்டும். வாடை தொடங்கினால் கரைவலை நின்றுவிடும், அதற்குள் போய்ப் பதிந்துகொள்.