நாய்க்குத் தோல் கழுத்துப்பட்டை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாய்க்கு நானே தோல் பட்டை செய்யலாம் என்று இருக்கிறேன். கடையில் எதைக் காட்டினாலும் "ஒரிஜினல் தோல்" என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
(திருமங்கலம் வாசகர்)

பதில்: ஒரிஜினல் தோல் என்பது மட்டும் போதாது. எதில் பதனிட்டது, மாட்டின் எந்தப் பகுதி, எவ்வளவு கனம் என்ற மூன்றும் தெரியவேண்டும்.

பட்டைக்கு ஏற்றது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். ஆவாரம் பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய முறை. தோல் தொழிலுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் விசாரித்தால் கிடைக்கும். இந்தத் தோல் விறைப்பாக இருக்கும், எளிதில் இழுபடாது, ஓரத்தைத் தேய்த்தால் வழவழப்பாகும். குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட தோல் பைக்கும் ஷூவின் மேல்பகுதிக்கும் நல்லது. பட்டையாக வெட்டினால் நாய் இழுக்க இழுக்க நீளும், ஓரமும் பிசிறடிக்கும்.

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம். அப்படியும் சந்தேகம் என்றால் விரல்நகம் அளவு துண்டைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். மரப்பட்டைத் தோல் சுருண்டு கட்டியாகிவிடும், குரோம் தோல் பெரிதாக மாறாது.

முதுகுப் பகுதியாகக் கேட்டு வாங்குங்கள். வயிற்றுப் பகுதியும் கால் இடுக்கும் விலை மலிவுதான். ஆனால் அங்கே நார் தளர்ந்திருக்கும், ஓட்டைகள் சீக்கிரமே நீள்வட்டமாக இழுபடும். வாரை முதுகெலும்பின் போக்கிலேயே வெட்டவேண்டும், குறுக்கே வெட்டக்கூடாது. வளர்ந்த ராஜபாளையத்துக்குக் கனம் 3.5 முதல் 4 மில்லிமீட்டர், அகலம் ஒன்றேகால் அங்குலம். எருமைத் தோல் கனமாகக் கிடைக்கும், ஆனால் நார் நெருக்கம் மாட்டுத் தோலைவிடக் குறைவு. அதில் செய்வதானால் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். ஒரு பட்டைக்குக் கால் சதுர அடிதான் ஆகும். ஆனாலும் 30 அங்குல நீளம், 6 அங்குல அகலத்தில் ஒரு துண்டு வாங்கினால் நான்கு வார் வரும். முதல் வாரைப் பழகுவதற்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாயின் கழுத்து 17 அங்குலம். வாரை எவ்வளவு நீளம் வெட்டவேண்டும்? ஓட்டைகள் எங்கே வரும்?
(மேலூர் வாசகி)

பதில்: முதலில் அளவெடுத்த விதத்தைச் சரிபாருங்கள். பட்டை உட்காரும் இடத்தில், டேப்புக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிற தளர்வோடு எடுத்த அளவு என்றால் 17 சரி. இறுக்கிப் பிடித்து எடுத்திருந்தால் மறுபடி எடுங்கள்.

கணக்கு இது. பக்கிளைச் சுற்றி மடிக்க 4 அங்குலம். மடிப்பிலிருந்து நடு ஓட்டை வரை பதினேழரை. அந்த அரை அங்குலம் தோலின் கனத்துக்காக. வாரை வளைத்தால் உள்பக்கச் சுற்று குறையும், 3.5 மில்லிமீட்டர் தோலில் அது சுமார் 11 மில்லிமீட்டர். இதைச் சேர்க்காமல் வெட்டிவிட்டு, "அளந்துதான் வெட்டினேன், இறுக்கமாக இருக்கிறதே" என்று பலர் குழம்புகிறார்கள். நடு ஓட்டைக்கு அப்பால் இரண்டு ஓட்டைக்கு 2 அங்குலம், நுனிக்கு இரண்டரை. மொத்தம் 26 அங்குலம்.

ஓட்டை ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு அங்குலம். நடு ஓட்டையில் பட்டை சரியாக உட்காரவேண்டும். பக்கிள் முள் 4 மில்லிமீட்டர் என்றால் 5 மில்லிமீட்டர் பஞ்ச் (வட்டமாக ஓட்டை வெட்டும் கருவி) போதும். ஆணியை அடித்து ஓட்டை போடாதீர்கள், அது தோலை வெட்டாது, விலக்கத்தான் செய்யும். பக்கிளை முதலில் வாங்கி, அதன் உள் அகலத்துக்கு வாரை வெட்டுங்கள். வார் அதைவிடச் சற்றே குறைவாக இருந்தால் உரசாமல் ஓடும்.

கேள்வி: போன வருடம் செய்த பட்டை, பக்கிள் பக்கத்து மடிப்பில் விரிசல் விட்டு அறுந்துவிட்டது. தோலைச் சேர்த்து அடித்த ரிவெட் ஆணி அப்படியே இருக்கிறது. நாய் சாலைக்கு ஓடி, பிடித்துவர ரொம்பச் சிரமப்பட்டோம். எங்கே தவறு?
(செல்லூர் வாசகர்)

பதில்: கைவேலைப் பட்டைகள் பெரும்பாலும் அறுவது இந்த இடத்தில்தான். நாய் இழுக்கும் பாரம் முழுவதும் அந்த மடிப்பில் வந்து நிற்கிறது. அங்கேதான் தோலைச் சீவுகிறோம், முள்ளுக்காக நடுவில் வெட்டுகிறோம், பிறகு வளைக்கிறோம். மற்ற வேலை எப்படியிருந்தாலும் மடிப்புக்கு நேரம் கொடுத்தே ஆகவேண்டும்.

முதலில் சீவுவது. மடக்கி உள்ளே போகும் 4 அங்குலத்தை, நுனியை நோக்கிப் படிப்படியாகச் சீவி, நுனியில் 1 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். வளைவு விழும் இடத்தில் மட்டும் கை அடங்கவேண்டும். 3.5 மில்லிமீட்டர் தோல் அங்கே இரண்டே முக்காலுக்குக் குறையக்கூடாது. மடிக்கச் சுலபமாக இருக்கும் என்று அதையும் பாதியாகச் சீவிவிடுகிறார்கள். உங்கள் பட்டையில் அறுந்த முனையை அளந்து பாருங்கள், 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் காரணம் இதுதான்.

அடுத்து முள் நுழையும் நீள்துளை. 26 அங்குல வாரில் நுனியிலிருந்து 4 அங்குலத்தில் அதன் மையம், நீளம் ஒரு அங்குலம், அகலம் 5 மில்லிமீட்டர். இரண்டு முனையிலும் பஞ்சால் வட்ட ஓட்டை போட்டு, பிறகு இரண்டையும் கத்தியால் இணையுங்கள். கத்தியாலேயே சதுரமாக வெட்டினால் மூலையிலிருந்து கிழிசல் தொடங்கும். வட்டமான முனையில் கிழிசலுக்குப் பிடி கிடைக்காது.

மூன்றாவது, ஈரம். காய்ந்த ஓலையை யாரும் அப்படியே மடிப்பதில்லை, தோலும் அப்படித்தான். மடிப்புப் பகுதியைப் பத்து விநாடி தண்ணீரில் நனைத்து எடுத்து, கறுத்த நிறம் மாறிப் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும்போது வளையுங்கள். வழவழப்பான முகம் வெளியே இருக்கவேண்டும். பக்கிளை மாட்டி, கிளிப்பால் பிடித்து, ஒரு இரவு நிழலில் காயவிடுங்கள். காய்ந்த தோலை மடித்துச் சுத்தியலால் தட்டினால் மேல்முகத்தில் மயிரிழை விரிசல் விழும். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. வியர்வையும் மழையும் பட்டுச் சில மாதத்தில் வாயைத் திறக்கும்.

நான்காவது, இணைப்பு. பக்கிளுக்கு முக்கால் அங்குலம் தள்ளி முதல் தையல், பிறகு நுனி செருகும் தோல் வளையத்துக்கு அரை அங்குலம், மறுபடி அரை அங்குலம் தையல், டி வளையத்துக்கு அரை அங்குலம், கடைசியாக ஒன்றேகால் அங்குலம் தையல். சங்கிலி மாட்டும் டி வளையத்துக்குப் பின்னால் வரும் அந்தக் கடைசித் தையல்தான் பாரத்தைத் தாங்குகிறது, அதைக் குறைக்காதீர்கள். தைக்கும் முன் இரண்டு முகத்திலும் ரப்பர் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பிறகு சேர்த்து அழுத்துங்கள்.

ரிவெட் மட்டும் போடுவதானால் இரண்டை அகலவாக்கில் அக்கம்பக்கமாக வைக்காதீர்கள். 30 மில்லிமீட்டர் வாரில் 4 மில்லிமீட்டர் ஓட்டை இரண்டு போட்டால் அந்த வரிசையில் கால்வாசித் தோல் போய்விடுகிறது. எங்களைக் கேட்டால் கைத்தையல்தான். மெழுகு பூசிய 1 மில்லிமீட்டர் பாலியஸ்டர் நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒரே ஓட்டையில் இரண்டு பக்கமிருந்தும் நூல் போகவேண்டும். ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே, ஓட்டைக்கு ஓட்டை 4 மில்லிமீட்டர். தையலின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுத்து, ஊசி பிடிக்க ஒரு முழம் கூட்டிக்கொள்ளுங்கள். முடிவில் மூன்று தையல் பின்னோக்கி வந்து, நூலை வெட்டி நுனியைச் சூடு காட்டி உருக்கிவிடுங்கள். ஒரு தையல் தேய்ந்து அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் இற்றுவிடும்.

கேள்வி: வெள்ளை நாயின் கழுத்தில் பட்டை போட்ட இடம் மட்டும் பழுப்பும் கறுப்புமாகக் கறை படிகிறது. குளிப்பாட்டினாலும் போகவில்லை.
(வாடிப்பட்டி வாசகர்)

பதில்: இரண்டு கறைக்கும் காரணம் வேறு வேறு. பழுப்பு, தோலில் மிஞ்சிய சாயமோ மரப்பட்டைச் சாறோ ஈரத்தில் இறங்குவது. கறுப்பு, இரும்பால் வருவது. மரப்பட்டைச் சாறும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுத்துவிடும்.

பக்கிள், டி வளையம், ரிவெட் மூன்றிலும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் பெரும்பாலும் உள்ளே இரும்பு, மேலே முலாம்தான். ஒட்டாவிட்டாலும் உடனே பித்தளை என்று நம்பவேண்டாம். துத்தநாகக் கலவை வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. மறைவான இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டால் பித்தளை உள்ளேயும் மஞ்சளாக இருக்கும், கலவை வெள்ளையாகத் தெரியும். அந்தக் கலவை பக்கிள் திடீர் இழுப்பில் முறியவும் செய்யும். கெட்டிப் பித்தளையோ நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள்.

சாயம் இறங்குகிறதா என்று அறிய, நனைத்த வெள்ளைத் துணியால் உள்முகத்தை அழுத்தித் துடையுங்கள். துணியில் நிறம் ஏறாத வரைக்கும் பட்டையை நாய்க்குப் போடக்கூடாது. வெள்ளை நாய்க்கு உள்பக்கம் சாயமே ஏற்றாமல் விடுவது உத்தமம். ஏற்கெனவே பிடித்த கறை முடி உதிர்ந்து வளரும்போது போய்விடும். பிளீச்சிங் எதையும் தடவாதீர்கள், கழுத்துத் தோல் வெந்துவிடும்.

கேள்வி: சிப்பிப்பாறை நாய் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுகிறது. இறுக்கிப் போட்டால் இருமுகிறது.
(டி. கல்லுப்பட்டி வாசகர்)

பதில்: இறுக்குவது தீர்வே அல்ல. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். சாதாரணப் பட்டை காதைத் தாண்டி வழுக்கிவிடும். ஒன்றேகால் அங்குல வார் அந்த மெல்லிய கழுத்தில் அழுந்தவும் செய்யும்.

நடுவில் 2 அங்குல அகலம் வைத்து, முனைகளில் ஒரு அங்குலமாக ஒடுக்குங்கள். தோல் 2.5 மில்லிமீட்டர் போதும், உள்ளே 1 மில்லிமீட்டர் ஆட்டுத்தோல் ஒட்டித் தைக்கலாம். பக்கிளுக்குப் பதிலாக இரண்டு முனையிலும் வளையம் வைத்து, இரண்டுக்குள்ளும் ஓடும்படி ஒரு சிறு வாரை லூப்பாகப் போடுங்கள். சங்கிலி அந்த லூப்பில் மாட்டும். நாய் பின்னிழுத்தால் பட்டை கழுத்தளவுக்குச் சேரும், விட்டால் தளரும். 14 அங்குலக் கழுத்துக்குப் பட்டை 11 அங்குலம், லூப்பின் மொத்தச் சுற்று 10 அங்குலம். முழுதாக விரித்தால் ஏறக்குறைய 16 வரும், தலை நுழையும். நுழையாவிட்டால் லூப்பைக் கூட்டுங்கள். இழுத்த நிலையில் இரண்டு வளையத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது மிஞ்சவேண்டும். வளையங்கள் முட்டினால் பட்டை தளர்வு, மறுபடியும் கழன்றுவிடும். நடத்திக் கூட்டிப்போகும்போது மட்டும் இதைப் போடுங்கள். இதில் கட்டிவைத்துவிட்டு வெளியே போகக்கூடாது.

கேள்வி: பழைய இடுப்பு பெல்ட்டை வெட்டிப் பட்டையாக்கலாமா?
(உசிலம்பட்டி வாசகர்)

பதில்: ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே அட்டையோ தூள் தோலை அழுத்திய பலகையோ இருந்தால் வேண்டாம், பெரும்பாலான மலிவு பெல்ட் அப்படித்தான். ஒரே தோலாக 3 மில்லிமீட்டருக்குமேல் இருந்தால் சிறிய நாய்க்கு ஆகும். மடக்கும்போது சிவப்புத் தூளாக உதிர்ந்தால் தோல் உளுத்துவிட்டது, எண்ணெய் போட்டும் மீட்க முடியாது.

கேள்வி: பட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கிறது.
(சோழவந்தான் வாசகி)

பதில்: தேங்காய் எண்ணெய் சில சொட்டு தப்பில்லை. ஊறப் போட்டால் தோல் துவண்டு நீளும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் சிக்குவாடை அடிக்கும், ஆளி விதை எண்ணெய் காய்ந்து தோலை மொடமொடப்பாக்கிவிடும். தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் மூன்று பங்கு எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்கி ஆறவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்தால் போதும். நாய் நக்கினாலும் பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் தடவவேண்டும்.

பூஞ்சை பிடித்த பட்டையை வெளியே வைத்துத் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். நனைந்த பட்டையை அடுப்புப் பக்கமோ மொட்டைமாடி வெயிலிலோ வைத்தால் சுருங்கி விறைத்துவிடும். குளிப்பாட்டும் முன் கழற்றி, கழுத்து உலர்ந்த பிறகு போடுங்கள். வாரம் ஒருமுறை பட்டைக்கு அடியில் விரல்விட்டுத் தடவிப் பாருங்கள். உண்ணி ஒளிய அந்த இடம் தோதானது, ஈரத்தில் புண் தொடங்குவதும் அங்கேதான்.

கேள்வி: பட்டையில் போன் நம்பர் பதிக்க என்ன வழி? தொங்கும் தகடு இரண்டு தடவை தொலைந்துவிட்டது.
(அவனியாபுரம் வாசகர்)

பதில்: 1 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை 2 அங்குலத்துக்கு வெட்டி, மூலைகளை அரத்தால் உருட்டி, பாத்திரக் கடையில் பெயர் வெட்டுபவரிடம் கொடுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் வெட்டும் அதே கருவியால் நம்பரை வெட்டித் தருவார். தகட்டைக் கழுத்தின் வளைவுக்கு வளைத்த பிறகே ரிவெட் அடியுங்கள். தட்டையாக அடித்தால் மூலை தூக்கிக்கொண்டு முடியைப் பிடுங்கும். ரிவெட்டின் உள்தலை தோலோடு சமமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மேலே ஆட்டுத்தோல் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் கோம்பை குட்டிக்கு இப்போதே தோல் பட்டை செய்து போடலாமா?
(பேரையூர் வாசகர்)

பதில்: வேண்டாம். இந்த வயதில் கழுத்து வேகமாகப் பருக்கும், ஐந்து ஓட்டையும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பார்க்காமல் விட்டால் பட்டை சதைக்குள் இறங்கிவிடுகிறது. அந்தக் காயம் முடிக்குள் மறைந்திருக்கும், நாற்றம் வரும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. இப்போதைக்கு எடை குறைந்த, நீளம் கூட்டக்கூடிய நைலான் பட்டை போட்டு, வாரம் இரண்டு முறை இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். ஒரு வயதை ஒட்டி, இரண்டு மாதம் கழுத்தளவு மாறாமல் இருந்தால் தோலை வெட்டலாம். ஏற்கெனவே கழுத்தைச் சுற்றி முடி கொட்டிச் சிவந்திருந்தால் பட்டையைக் கழற்றிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.