புராணப் படம் போட்டால் பிள்ளைகள் எழுதுவார்களா?

காங்கேயம் பக்கம் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "பிரகலாதன் கதையை அனிமேஷன் படமாகப் போட்டேன். அசையாமல் பார்த்தார்கள். எழுதச் சொன்னால் 'நரசிம்மர் வந்தார், இரணியனைக் கொன்றார்' என்று மூன்று வரிதான். பெற்றோர் வேறு, பாடம் நடத்தாமல் படம் காட்டுகிறீர்களா என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?"

படத்தை நிறுத்த வேண்டாம் டீச்சர், முழுப் படத்தையும் போடுவதை நிறுத்துங்கள். முழுசாகப் பார்த்த பிள்ளைக்குச் சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? எல்லாவற்றையும் படமே சொல்லிவிட்டது. நாலைந்து நிமிடம் போதும். அதையும் முதல் தடவை சத்தமில்லாமல் ஓட்டிவிட்டு, யார் என்ன பேசியிருப்பார்கள் என்று பிள்ளைகளையே பேசச் சொல்லுங்கள். வீட்டில் பேசுகிற மாதிரியே "ஏனுங்க அப்பா"ன்னு பிரகலாதன் பேசட்டும், திருத்தாதீர்கள். எழுத்துத் தமிழுக்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

2025 ஜூலையில் தியேட்டருக்கு வந்த 'மகாவதார் நரசிம்மா' அனிமேஷன் படம் தமிழிலும் வந்ததால் பாதிப் பிள்ளைகள் பார்த்தே இருப்பார்கள். அதில் கடைசிச் சண்டை ரத்தம் தெறிப்பது, வகுப்புக்கு வேண்டாம். தூண் பிளப்பதற்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கம்பனைக் கையில் எடுங்கள். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை யுத்த காண்டத்தில், வீடணன் இராவணனுக்குச் சொல்வதாக வைத்தவர் அவர். "எங்கே உன் ஆண்டவன்" என்று கேட்ட அப்பனுக்குப் பிரகலாதன் சொல்லும் பதில், சாணிலும் இருக்கிறான், நூறாகப் பிளந்த அணுவிலும் இருக்கிறான் என்று போய், "தூணினும் உளன், நீ சொன்ன சொல்லினும் உளன்" என்று வரும். அந்தத் தூணை எந்தப் படமும் காட்டிவிடும், "சொன்ன சொல்லினும்" என்பதை எப்படிக் காட்டும்? பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் இதை நடத்தியபோது, சொல்லுக்குள் எப்படி இருக்க முடியும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், "இரணியன் 'இல்லை'ன்னு சொன்னாருல்லங்க டீச்சர், அந்த 'இல்லை'க்குள்ளயும் சாமி இருக்குதுங்க" என்றாள். அன்றைக்கு அந்த வகுப்பில் யாரும் மூன்று வரியோடு நிறுத்தவில்லை. இன்றைக்கும் அந்தப் பாட்டை எடுத்தால் எனக்கு அவள் குரல்தான் கேட்கிறது.

இன்னொன்று, உங்கள் ஊருக்கே உரியது. 1960களில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த கனடா மானிடவியலாளர் பிரெண்டா பெக், அங்கே உடுக்கடிப் பாட்டாகப் பதிவு செய்த பொன்னர் சங்கரின் அண்ணன்மார் கதையைப் பிற்காலத்தில் 26 பகுதி அனிமேஷன் தொடராக்கினார். தமிழிலும் இருக்கிறது. பொன்னர் சங்கர் பெயர் தெரியாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது, ஆனால் அதைப் பாடமாக யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: வேட்டுவரோடு நடக்கும் சண்டைப் பகுதியை எடுக்காதீர்கள், இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன்மாரின் அம்மா தாமரை பிள்ளை வரம் கேட்டுத் தவம் இருக்கிற பகுதி நல்லது. ஐந்து நிமிடம் காட்டிவிட்டு, அப்பாரிடமோ அம்மிச்சியிடமோ இதே கதையைக் கேட்டு, படத்தில் இல்லாத ஒன்றை எழுதிவரச் சொல்லுங்கள். உடுக்கை அடித்துப் பாடுகிறவர் பக்கத்து ஊரில் இருந்தால் ஒரு நாள் வகுப்புக்கே கூப்பிடுங்கள், வெறுங்கையோடு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

பெற்றோர் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பையன் நோட்டோடு போய்த் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டு எழுதுவதை வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். அந்த நோட்டு திரும்பி வந்ததும் முதலில் கதையைப் படியுங்கள், ஒற்றுப்பிழையைச் சுழிக்கச் சிவப்புப் பேனாவை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.