வாசகர் கேள்வி–பதில்: தூரிகையும் இத்தாலிய மொழியும்

கேள்வி: நாங்கள் இலங்கையிலிருந்து சென்ற ஆண்டு சிசிலியின் பலேர்மோ நகருக்குக் குடிவந்தோம். எட்டு வயது மகள் பள்ளியில் இத்தாலிய மொழி பேசத் தயங்குகிறாள். அருகிலுள்ள பட்டறையொன்றில் சிறுவர்களுக்கு மயோலிக்கா மட்பாண்ட ஓவியத்தை இத்தாலிய மொழியிலேயே கற்பிக்கிறார்கள். மொழி வராத பிள்ளையை அங்கே சேர்ப்பதால் பயன் உண்டா? வண்ணங்களால் தீங்கு நேருமா?
— ஒரு வாசகி, பலேர்மோ

பதில்: சேர்க்கலாம், ஆனால் ஒரு வகுப்பிலாவது உடனிருந்து, ஆசிரியர் பிள்ளைகளைப் பேசவைக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மயோலிக்காவில், ஒருமுறை சுட்டெடுத்த மண் தட்டை வெள்ளீய ஆக்சைடு கலந்த வெள்ளைப் பூச்சில் தோய்த்து, அது உலர்ந்து மாவுபோல் படிந்த பின்னர் அதன்மேல் வரைந்து மறுபடியும் சுடுகிறார்கள். அந்த மாவு தூரிகையின் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால், இட்ட கோட்டை எளிதில் அழித்துத் திருத்த முடியாது. எனவே ஆசிரியர் சொல்வதைப் புரிந்துகொண்ட பிறகே தூரிகை தட்டைத் தொட வேண்டும். பள்ளி வகுப்பில் புரியாமலே தலையாட்டிவிட்டுத் தப்பிக்கலாம். இங்கே அது நடவாது. வரையத் தெரியாதே என்ற அச்சமும் வேண்டாம்: ஊசியால் துளையிட்ட தாளின்மேல் கரித்தூள் முடிச்சைத் தட்டி உருவரையைப் பதிக்கும் ஸ்போல்வெரோ என்னும் பழைய முறை இருக்கிறது, அந்தக் கரிப்புள்ளிகள் சூளையில் எரிந்து மறைந்துவிடும்.

மொழிக்கு மிகுதியாக உதவுவது வண்ணக் கிண்ணங்கள்தாம். கோபால்ட் நீலம், செம்புப் பச்சை, ஆன்டிமனி மஞ்சள், மாங்கனீசு ஊதா ஆகியவை மரபான வண்ணங்கள். தமிழில் 'மஞ்சள்' எந்தப் பொருளுக்கு முன்னும் மாறாது. இத்தாலிய மொழியிலோ எலுமிச்சை 'லிமோனே ஜல்லோ', இலை 'ஃபோல்யா ஜல்லா'. அஃறிணைப் பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டென்பது நம் பிள்ளைகளைத் தடுமாறவைக்கும் இடம். தான் தீட்டப்போகும் பொருளின் பெயரோடு நிறத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் கிண்ணம் கைக்கு வரும் என்று ஆசிரியர் வைத்திருந்தால், அந்த இலக்கணம் ஒரு பிற்பகலில் பத்து முறை வாயில் புழங்கும். அடுத்த வகுப்பில், சுட்டு ஆறிய தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு 'ஓ தீபிந்தோ', அதாவது 'நான் தீட்டினேன்', என்று இறந்தகாலத்தில் பேசவும் இயல்பான வாய்ப்புக் கிடைக்கும். பொருள்கள்மீது பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பேசாமல் வண்ணம் நிரப்பவிடும் வகுப்பை நான் மொழி வகுப்பாகக் கருதமாட்டேன்.

விடுமுறையில் சிசிலித் தீவிலேயே உள்ள கல்தஜிரோனே நகருக்கு அழைத்துச் செல்லுங்கள். 1606இல் கட்டப்பட்ட சாந்தா மரியா தெல் மோந்தே படிக்கட்டின் 142 படிகளின் முகப்புகளிலும் 1954இல் மயோலிக்கா ஓடுகள் பதிக்கப்பட்டன. படிக்குப் படி கோலம் வேறு. இத்தாலிய எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே ஏற அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தீங்கைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானதே. பழைய பூச்சுகளில் வெள்ளீயத்தோடு, உடலுக்குத் தீங்கான ஈயமும் இருந்தது. ஆகவே ஈயமற்ற பூச்சுதானா என்று நேரடியாகக் கேளுங்கள். உலர்ந்த பூச்சுத்தூளை ஊதவோ தேய்த்துப் பறக்கவிடவோ கூடாது. மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தூரிகையை வாயில் வைப்பதும் வரையும் மேசையில் தின்பண்டம் உண்பதும் கூடவே கூடாது. மகள் தீட்டிய தட்டு உணவுக்கு ஏற்றது என்று பட்டறையினர் உறுதியளிக்காவிட்டால், அதைச் சுவரில் மாட்டிவையுங்கள்.