போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள்!

கேள்வி: ஐயா, என் கார் முன்சக்கர இழுவை, மேனுவல் கியர். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி வேகம் எடுப்பதில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். நானும் என் மச்சானும் சேர்ந்து வீட்டிலேயே கியர்பாக்ஸை இறக்கி மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். மச்சான் பாதியில் கிளம்ப மாட்டார் என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சின்னக் காரின் கியர்பாக்ஸே முப்பது, நாற்பது கிலோ இருக்கும். நெஞ்சில் வாங்கி இறக்கும் வீரர்களைப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு அவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பதையும் பார்த்திருக்கிறேன். அதற்கென்று உள்ள கியர்பாக்ஸ் ஜாக்கியை வாடகைக்காவது எடுங்கள்.

ஜாக்கி காரைத் தூக்க மட்டும்தான். தூக்கிய காரைத் தாங்க ஸ்டாண்டு வேண்டும், தரை கெட்டியாகச் சமமாக இருக்க வேண்டும். செங்கல் அடுக்குவதெல்லாம் கூடவே கூடாது. இன்னொன்று, ஆள் நுழையும் உயரம் போதாது. ஜாக்கியில் உட்கார்ந்த கியர்பாக்ஸ் பம்பருக்கு அடியில் வெளியே வரும் அளவுக்குக் கார் உயர வேண்டும். இதை அளக்காமல் இறக்கிவிட்டு, வெளியே எடுக்க வழியில்லாமல் முழிப்பவர்கள் நிறைய.

காரைத் தூக்கும் முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போது, மச்சானை பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஆக்சில் நட்டைத் தளர்த்திவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கழற்றுங்கள். ஆயிலை வடிக்க, எடுத்த எடுப்பிலேயே கீழே உள்ள டிரெயின் போல்ட்டில் கை வைக்காதீர்கள். ஆயில் ஊற்றும் மேல் போல்ட் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். வடித்த பிறகு அது திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டைக் கம்பியைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட் பிரிந்து வந்துவிடும். கியர்பாக்ஸ் ஓரமாக லிவர் கொடுத்து நெம்புங்கள், ஆயில் சீலில் படாமல். சில மாடல்களில் இரண்டு ஷாஃப்ட்டையும் ஒரே சமயம் உருவினால் உள்ளே டிஃபரன்ஷியல் கியர்கள் நகர்ந்துவிடும், உருவிய இடத்தில் ஒரு கட்டையையோ பழைய ஷாஃப்ட் முனையையோ செருகி வைப்பது வழக்கம். உங்கள் வண்டி எப்படி என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மவுண்டிங்கைக் கழற்றியதும் இன்ஜின் தொங்கும். முன்கூட்டியே இன்ஜினின் ஆயில் தொட்டியான சம்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து இன்னொரு ஜாக்கி கொடுங்கள்.

பெல் ஹவுசிங் (இன்ஜினோடு ஒட்டும் கியர்பாக்ஸின் மணி வடிவக் கூடு) போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் ஹவுசிங்கின் வட்டத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். இறக்கிய பிறகு, கிளட்சை மிதிக்கும்போது அதை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கையும் கிளட்சோடு மாற்றிவிடுங்கள். இன்ஜின் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா, கிளட்ச் உட்காரும் பிளைவீல் முகம் நீலம் பாய்ந்து வெடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதற்காக இன்னொரு தரம் இறக்க உங்களுக்கே மனசு வராது.

கேள்வி: கிளட்ச் மாற்றி கியர்பாக்ஸை ஏற்றிவிட்டேன். ஆனால் இன்ஜினுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி நிற்கிறது. நீளப் போல்ட் போட்டு முறுக்கி இழுத்துவிடலாமா?

பதில்: ஸ்பேனரைக் கீழே வையுங்கள். ஹவுசிங் அலுமினியம். முறுக்கினால் அது உட்காராது, போல்ட் காது உடையும். இல்லையென்றால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், அப்புறம் கிளட்ச் சுத்தமாக விடவே விடாது.

இடைவெளி இருக்கிறது என்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. பெரும்பாலும் கிளட்ச் பிளேட் நடுவில் இருக்காது. அதை நடுவில் நிறுத்தும் சென்டரிங் டூல் போட்டு, மேலே அழுத்தும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினீர்களா? எல்லாம் முறுக்கிய பிறகு அந்த டூல் சிக்காமல் வெளியே வந்து, மறுபடி தானாகப் போக வேண்டும். சிக்குகிறது என்றால் பிளேட் ஓரம் போயிருக்கிறது. மறுபடி தளர்த்தத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

அது சரியாக இருந்தால் கோணத்தைப் பாருங்கள். ஹவுசிங்கைச் சுற்றி விரலை ஓட்டி, மேலும் கீழும் இடைவெளி சமமா என்று கவனியுங்கள். கீழே அதிகம் என்றால் கியர்பாக்ஸின் வால் (இன்ஜினுக்கு எதிர் முனை) தூக்கி நிற்கிறது, ஜாக்கியைக் கொஞ்சம் இறக்குங்கள். மேலே அதிகம் என்றால் வாலை ஏற்றுங்கள். சுற்றிலும் சமமாக நின்றும் போகவில்லை என்றால், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பல்லும் பிளேட்டின் பல்லும் முட்டிக்கொண்டிருக்கும். கியரைப் போட்டு வைத்துவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டை இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் கியர்பாக்ஸைத் தள்ளிக்கொண்டே இருங்கள். பல் பொருந்தியதும் சட்டென்று உள்ளே போகும், கையிலேயே தெரியும். இடையில் ஒயர் ஏதும் மாட்டியிருக்கிறதா, இரண்டு முகத்தையும் நேராகப் பொருத்தும் டவல் பின் சாய்ந்திருக்கிறதா என்றும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதெல்லாம் நடக்கும்போது ஜாக்கியை எடுத்துவிட்டு கியர்பாக்ஸைத் தொங்கவிடாதீர்கள். முழு எடையும் அந்த ஒரு ஷாஃப்ட்டில், பிளேட்டில் விழும். முகத்தோடு முகம் கையால் ஒட்டிய பிறகுதான் போல்ட். எல்லாப் போல்ட்டையும் விரலால் ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனர்.

கேள்வி: எங்களுடையது ஆட்டோமேட்டிக். அதையும் இப்படி இறக்கலாமா?

பதில்: எடை கூடுதல், சிக்கலும் கூடுதல். நானாக இருந்தால் வீட்டில் தொடமாட்டேன். தொட்டே தீருவேன் என்றால் டார்க் கன்வர்ட்டரில் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் மூலம் விசையைக் கடத்தும் பகுதி) கவனம் வையுங்கள். இறக்கும்போது கன்வர்ட்டரை பிளெக்ஸ் பிளேட்டிலிருந்து (பிளைவீல் இடத்தில் உள்ள மெல்லிய தட்டு) கழற்றி கியர்பாக்ஸோடு சேர்த்தே எடுக்க வேண்டும். ஏற்றும் முன் அதைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் படிப்படியாக இறங்கும். ஒருமுறை இறங்கியதும் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். கடைசிப் படி ஆயில் பம்ப்பில் பொருந்துவது. சர்வீஸ் மேனுவல் சொல்லும் ஆழத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஹவுசிங் ஒட்டிய பிறகு கன்வர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், பிளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுகி நின்றால் திரும்ப இறக்குங்கள். அப்படியே முறுக்கினால் பம்ப் உடையும்.

கேள்வி: கியர்பாக்ஸ் ஆயில் வாங்கப் போனால் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டைக் காட்டுகிறார்கள். எண் பெரியதுதானே நல்லது?

பதில்: இல்லை. ஜிஎல்-5-ல் அதிக அழுத்தம் தாங்குவதற்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகள் கூடுதல். பின் ஆக்சிலுக்கு அது நல்லது. கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் உள்ள பல மேனுவல் கியர்பாக்ஸ்களுக்கு ஆகாது. சர்வீஸ் மேனுவல் எதைச் சொல்கிறதோ அதை ஊற்றுங்கள். காரைச் சமமாக நிறுத்திய பிறகு ஊற்ற வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் ஊற்றும் துளையிலிருந்து வழியும் மட்டம்தான் அளவு.

கேள்வி: எல்லாம் மாட்டியாயிற்று. இன்ஜின் நிற்கும்போது எல்லாக் கியரும் விழுகிறது, ஓடும்போது ரிவர்ஸ் கரகரவென்கிறது.

பதில்: கியர்பாக்ஸை இப்போதே சந்தேகப்படாதீர்கள், கிளட்ச் முழுதாக விடவில்லை. ஹைட்ராலிக் என்றால் காற்று எடுங்கள், கேபிள் என்றால் அட்ஜஸ்ட் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள், அல்லது ஏற்றும்போது வளைத்துவிட்டீர்கள். பெரும்பாலும் பிளேட்டிலேயே 'பிளைவீல் பக்கம்' என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்க, வருத்தம்தான், மறுபடி இறக்க வேண்டும்.

கேள்வி: வேலை முடிந்தது, வண்டி நன்றாக ஓடுகிறது. இரண்டு போல்ட் மட்டும் மிச்சம். விட்டுவிடலாமா?

பதில்: வண்டியை நிறுத்துங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார், கியர்பாக்ஸ் மவுண்டிங், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்ற வரிசையில் பாருங்கள். மூன்றாவதில் விட்டிருந்தால் சக்கரமே போய்விடும்.