மூன்று மணிக்கு விழிப்பு

கேள்வி: எனக்கு வயது 46. பத்தரைக்குப் படுத்துவிடுகிறேன். ஆனால் மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. மாலை ஆறு மணிக்கு ஒரு காபி குடிப்பேன். அதுதான் காரணமா டாக்டர்?
- ஒரு வாசகி

பதில்: எனக்கும் முதல் சந்தேகம் அந்தக் காபி மேல்தான். அதிலுள்ள காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்து நமக்குத் தூக்கம் வரவழைப்பது அடினோசின் என்ற பொருள். அது உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்கிறது. கண் மூடினாலும் ஆழ்ந்த தூக்கம் குறையும். மதியத்தோடு நிறுத்தி, இரண்டு வாரம் பாருங்கள்.

விழித்ததும் மணி பார்க்காதீர்கள். இரவுப் பணி பார்த்த வருடங்களில், ‘இன்னும் இரண்டு மணி நேரம்தானே’ என்று கணக்குப் போட்டுத் தவித்தவள் நான். அந்தக் கணக்கே மீதித் தூக்கத்தையும் விரட்டிவிடும். கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. 20 நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கியதும் படுங்கள். தாமதமாகத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

மாதவிடாய் நிற்கப்போகும் வயது என்பதால், உடல் திடீரென்று சூடாகி வியர்த்தும் விழிப்பு வரலாம். குறட்டை உண்டா என்று வீட்டாரிடம் கேளுங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறினால், இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.